ஏழாந்தேதி வரும் மெசேஜ்

சொல்லிவிட வேண்டியதுதான், அதில் என்ன இருக்கிறது என்று இசக்கி நான்காவது முறையாக முடிவுக்கு வந்தபோது வங்கிப் பலகையில் ஐம்பத்தொன்று எரிந்துகொண்டிருந்தது. அவள் கையிலிருந்த சீட்டில் எழுபத்து மூன்று. இடையில் இருபத்திரண்டு பேர், திறந்திருப்பதோ ஒரே கவுண்டர், பக்கத்துக் கவுண்டரில் நாற்காலி முதுகில் ஒரு துண்டு மட்டும் உட்கார்ந்து வேலை பார்க்கிறது, ஆக எப்படியும் பதினொன்றரை ஆகும், அதற்குள் அக்கா வந்துவிடுவாள். பீடிக் கடைக்குப் போய், சுற்றியதைக் கொடுத்துவிட்டு, இலையும் தூளும் வாங்கிக்கொண்டு அப்படியே வாரேன் என்று வடிவு போனில் சொல்லியிருந்தாள். கார்டை மாத்தணும்க்கா, ஒரு கையெழுத்து வேணும், அவ்வளவுதான் என்று இசக்கி சொன்னாள். அதற்கு மேல் சொல்ல முடியாது. ஆலங்குளத்து வீட்டில் வடிவுக்கு வரும் போன் எல்லாம் ஸ்பீக்கரில்தான் பேசப்படும். அக்காவின் மாமியார் கல்யாணமான முதல் மாதமே போட்ட சட்டம். ரகசியம் என்னத்துக்கு, எல்லாரும் கேட்டுக்கிடுவோம்லா. எல்லாரும் கேட்கையில் சொல்லக்கூடிய விஷயமா இது? அக்கா, மாசா மாசம் உன் கணக்கிலிருந்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் போகிறதே, அதை நான் எடுக்கவில்லை. இவ்வளவுதான் வாக்கியம். எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக இருக்கிறது. இதைச் சொல்லத்தான் காலையில் வகுப்பைப் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள். பைக்குள் மூன்று பக்கத்துக்குப் புகார்க் கடிதம்கூட இருக்கிறது, இரண்டாம் பக்கத்தில் அவளுக்கே பிடித்துப்போன ஒரு வரி: முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டத்துக்குப் பெயர் ஒப்புதல் அல்ல, பொறி. அந்த வரியை எழுதி முடித்ததும் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. இப்போது அதே வரி அவளிடமே திரும்பி வந்து சிக்கிக்கொண்டு நகரமாட்டேன் என்கிறது, ஏனென்றால் பொறி வைத்தவன் ஒருவன், கண்ணைத் திறந்துகொண்டே அதில் கால் வைத்தவள் ஒருத்தி, ஆனால் கால் மாட்டிக்கொண்டது மூன்றாவதாக ஒருத்திக்கு.

போன வருஷம் இதே ஆகஸ்ட் மாதம், ஏழாந்தேதி. திருச்சியில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு மாநில அளவில் சொற்போர், பதிவுக் கட்டணம் நூற்றைம்பது, ஆன்லைனில் மட்டும். இசக்கியின் கணக்கில் அன்று நாற்பது ரூபாய். விடுதியில் யாரிடமாவது கேட்டிருக்கலாம், ஆனால் கேட்பது என்பது அவளுக்கு வராது. வாதாட வரும், கேட்க வராது. அக்காவிடம் மட்டும் கேட்காமல் கேட்கலாம். போட்டி ஒண்ணு இருக்குக்கா, கட்டணம்தான் இடிக்குது என்று சும்மா சொன்னாள். மறுநாள் பீடிக் கடை வாசலிலிருந்து, அங்கே ஸ்பீக்கர் போட வேண்டியதில்லை என்பதால், வடிவே கூப்பிட்டு கார்டின் பதினாறு எண்களையும், பிறகு போனுக்கு வந்த ஓடிபியையும், வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்தில் சொன்னாள். நாலு நாலா சொல்லுதேன், எழுதிக்க. பின்னால் பெண்கள் சிரித்தார்கள், யாரோ, என்ன வடிவு லாட்டரியா என்றார்கள். இந்தப் பக்கம் திரையில் சிவப்பாக ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது: உங்கள் இடம் இன்னும் நான்கு நிமிடம் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். யாருக்காகப் பிடித்து வைத்தான், கல்யாணப் பந்தியா? அன்றைக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை, இன்றைக்குத் தோன்றுகிறது. கடைசியில் நூற்றைம்பத்தொன்று என்று காட்டியது. ஒரு ரூபாய் ஏதோ வரி என்று நினைத்தாள். பஸ்ஸில் கண்டக்டர் தராமல் விட்ட ஒரு ரூபாய்க்காக வண்ணாரப்பேட்டையிலிருந்து ஜங்ஷன் வரைக்கும் நின்றுகொண்டே சண்டை போட்டவள், அந்த ஒரு ரூபாயை எதுவும் கேட்காமல் விட்டாள். அந்த ரூபாய்க்குக் கீழேதான், பழைய சட்டைக் காலர்ப் பட்டியின் எழுத்துபோல வெளிறிய சாம்பல் நிறத்தில், முதல் மாதம் ஒரு ரூபாய்க்கு உறுப்பினர் சலுகை, அதன் பிறகு மாதந்தோறும் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று இருந்தது. பக்கத்தில் ஒரு கட்டம். அதில் டிக் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. எத்தனை புத்தி வேண்டும் அப்படிப் போட்டு வைக்க? ஒரு அறையில் நாலு பேர் உட்கார்ந்து, ஏசி போட்டுக்கொண்டு, எவ்வளவு மங்கலாக இருந்தால் கண்ணுக்குப் படாது, ஆனால் கோர்ட்டுக்குப் போனால் இருந்தது என்று காட்டலாம் என்று அளந்து பார்த்திருப்பார்களே, அவர்களும் எங்கேயோ படித்தவர்கள்தானே.

ஐம்பத்தைந்து. எதிரே வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் பாஸ்புக் அச்சடிக்கும் மெஷினோடு போராடிக்கொண்டிருந்தார். உள்ளே போன புத்தகத்தை அது மென்றுவிட்டுத் துப்பியது, திரும்பக் கொடுத்தார், திரும்பவும் துப்பியது. பாஸ்புக்கைப் பார்த்ததும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. வேண்டாம் என்றாலும் வந்துவிடுகிறது, நாலு நாளாக. அத்தானின் தங்கை மகளுக்குக் காதுகுத்து, கோயில் மண்டபம், இரண்டாவது பந்தி. அத்தான் சண்முகவேல், அக்காவின் மாப்பிள்ளை, சாம்பார் வாளியோடு வந்து இசக்கியின் இலைக்கு முன்னால் நின்று, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, "என்ன இசக்கி, படிப்பு முடிய இன்னும் எத்தன மாசம் இருக்கு? எங்க வீட்டுக் கரண்டு பில்லவிட ஒம்பில்லுதான் கூட வருது. பாஸ்புக்குல பதினோரு வரிலா இருக்கு" என்றார். சிரித்தார்கள். அவளும் பாதி சிரித்துவிட்டாள், என்ன என்று புரியாமல். "என்னத்தான் சொல்லுதீய? நான் ஒத்தப் பைசா" என்று அவள் எழும்பியதுதான் தாமதம், பக்கத்து இலையிலிருந்து வடிவின் கை வந்து அவள் தொடையை அழுத்தியது. நகம் பதிகிற அழுத்தம். பிறகு வடிவு, அந்த வீட்டுக்குப் போன ஒன்பது வருஷத்தில் பந்தியில் உப்புகூடக் கேட்டறியாத வடிவு, இலையைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான்தான் குடுத்தேன். எங்கையால சுத்துன பீடி. குடுப்பேன்." வாளிக்குள் கரண்டி விழுகிற சத்தம் கேட்டது. அத்தான் அடுத்த இலைக்குப் போய்விட்டார். விடுதிக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் இசக்கி தன் மெயிலைத் தோண்டினாள். விளம்பரக் குப்பை சேரும் பக்கத்தில், துணிக்கடைத் தள்ளுபடிகளுக்கு நடுவே, பதினோரு ரசீது. ஒவ்வொன்றிலும் ஒரு நன்றி. உங்கள் பயணம் எங்களோடு தொடர்வதில் மகிழ்ச்சி. சந்தாவை அங்கேயே நிறுத்தப் பார்த்தாள். நாலு பக்கம் தாண்டவிட்டான். ஒரு பக்கத்தில் கண்ணீர் விடும் பொம்மை, போய்விடாதீர்கள் என்றது. கடைசிப் பக்கத்தில், கார்டுக்கு உரியவரின் போனுக்கு ஒரு எண் அனுப்பியிருக்கிறோம், அதை இங்கே இடுங்கள் என்றான். அக்காவைக் கூப்பிட்டு அந்த எண்ணைக் கேட்டால் ஸ்பீக்கரில் ஆலங்குளமே கேட்கும். விட்டுவிட்டாள். அதனால்தான் வங்கி, அதனால்தான் எழுபத்து மூன்று.

ஆனால் உண்மையில் சிக்குவது அங்கே இல்லை, எங்கே சிக்குகிறது என்று அவளுக்குத் தெரியும், தெரிந்துகொண்டே சுற்றிப்போகிறாள், வீட்டுக்குள் பாம்பு இருக்கிறது என்று தெரிந்தவர்கள் வாசலிலேயே நின்று பேசிக்கொண்டிருப்பார்களே அப்படி. பதினோரு மாதம் அக்கா ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? பீடிக் கடை வாசலில் நின்று கூப்பிடுகிறவள்தானே, அங்கே கேட்டிருக்கலாமே. ஏட்டி, என்னட்டி எடுக்க, என்னத்துக்குட்டி எடுக்க என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை என்றால் இரண்டில் ஒன்று. ஒன்று, கேட்டால் நான் வாதாடுவேன் என்று பயந்திருக்கிறாள். அப்படிப் பயப்பட இடம் இருக்கிறது. ரேஷன் அரிசியில் தொடங்கி கடவுள் வரைக்கும் இவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் வீட்டில் கிடையாது. இன்னொன்று, தங்கச்சி திருடுகிறாள் என்று நம்பியிருக்கிறாள், நம்பிவிட்டு, போகட்டும் என்று விட்டிருக்கிறாள். எது தேவலை? முதல் தரப்புக்கு ஐந்து நிமிடம், எதிர்த் தரப்புக்கு ஐந்து நிமிடம். இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தாள், இரண்டிலும் தோற்றாள். இதில் அந்தத் திருச்சி மேடை வேறு ஞாபகத்துக்கு வந்து தொலைக்கிறது. பெண்ணின் கைக்குப் பணம் வந்துவிட்டதா என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு வந்துவிட்டது என்கிற பக்கம் விழுந்தது. என் அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள், நான் படிக்க வேண்டும் என்பதற்காக நின்றவள், இன்று அவள் சுற்றிய பீடியின் கூலி அவள் பெயரிலுள்ள கணக்குக்கு வருகிறது நடுவர் அவர்களே, அவள் கையில் ஓர் அட்டை இருக்கிறது நடுவர் அவர்களே. மூன்று இடத்தில் கைதட்டினார்கள். இரண்டாம் பரிசு. அவள் பேசி முடித்து இறங்கி, கோப்பையைக் கையில் வாங்கி, போட்டோவுக்கு நின்ற அந்த நேரத்தில்கூட அந்த அட்டைக்குள் எங்கேயோ அந்த டிக் உட்கார்ந்து நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. கோப்பை விடுதி அலமாரியில் இருக்கிறது. அதில் பேனா போட்டு வைத்திருக்கிறாள்.

புகையிலைத் தூளின் வாசம்தான் முதலில் வந்தது. பக்கத்து நாற்காலியில் வடிவு உட்கார்ந்து, இலைக்கட்டும் தூள் பொட்டலமும் இருந்த பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னட்டி, வாய்க்குள்ளயே யாருகூட சண்ட போடுத? ஜட்ஜ் யாரு, அந்தா அந்த செக்யூரிட்டியா?" இசக்கிக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியில் நின்றது. வடிவின் விரல் நுனிகள் எப்போதும்போல மஞ்சளும் கறுப்பும் கலந்த ஒரு நிறத்தில் இருந்தன; கண்ணுக்குக் கீழே புதிதாக ஒரு பள்ளம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், பொய் சொல்லாத, சரி சாப்பிடல. முந்தானை முடிச்சிலிருந்து வடிவு கார்டை எடுத்தாள், பிளாஸ்டிக் உறைக்குள் உறை போட்டு வைத்திருந்தாள். "இத எதுக்கு மாத்தணும்? நல்லாத்தான இருக்கு, ஒரு கீறல் விழல." இதோ, இப்போது சொல்லிவிட வேண்டியதுதான். அக்கா, அது வந்து, என்று இசக்கி தொடங்கினாள். "அது இருக்கட்டும்" என்று வடிவு குரலைத் தாழ்த்தினாள். "இந்த மாசத்துக்கு இப்பவே மெஷின்ல போட்டுட்டுதான் வாரேன், பாத்துக்க. நாளைக்கு ஏழாந்தேதில்லா, மெசேஜ் வந்துரும். கூலி வந்த அன்னைக்கே ஒங்கத்தான் வழிச்சு எடுத்துருதாவ. நீ எடுக்கப் போற நேரத்துல கணக்குல இல்லாம போயி, ஒனக்கு அங்க நாலு பேர் முன்னாடி அசிங்கமாயிரக் கூடாதுல்லா."

என்ன போட்ட, என்று இசக்கி கேட்டாள். நானூறு, என்றாள் வடிவு, ஒரு ரூபா உன் பேர்ல மிச்சம் என்று சிரித்தாள். நாளுக்கு ரெண்டு கட்டு கூடச் சுத்துவேன், பாத்திரம் கழுவி வச்சப் பெறகு, எங்கத்தைக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் கண்ணு சரியா தெரியாது, அந்த ரெண்டு கட்ட பக்கத்து வீட்டுச் சொர்ணம் பேர்ல கொடுத்துக் காசா வாங்கிருவேன். பதினோரு மாசமுமாக்கா? பின்ன. ரெண்டாம் மாசம் மெசேஜ் வந்தப்பவே எழுத்துக்கூட்டிப் பாத்தேன், மேல போட்டுருந்த பேரு அன்னைக்கு ஒனக்குக் கட்டுனமே அதே பேரு. நாளைக்கு எடுப்போம், காசு வச்சிருன்னு போட்டிருந்துச்சு. சரின்னு வச்சேன். "ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாமேக்கா." "என்னத்த கேக்க? நீ என்னைக்கு வாய்விட்டுக் கேட்டிருக்க? பள்ளிக்கூடத்துல டூருன்னு வந்தா, நோட்டு வாங்கணும்னு வந்தா, பைய கொண்டாந்து என் பீடித் தட்டுப் பக்கத்துல வச்சிட்டு விளையாடப் போயிருவ. நான் பாத்து உள்ள வைக்கணும். வச்சிட்டா எடுத்துட்டு போயிருவ, வச்சியான்னு கேக்க மாட்ட, வச்சேன்னு நானும் சொல்ல மாட்டேன். ஊருக்கெல்லாம் கேப்ப, ஒனக்குன்னா நாக்கு வராதே. பெரிய படிப்பு படிக்கால்லா, இப்ப பைய பேங்க்ல வச்சிட்டுப் போறான்னு நெனச்சிக்கிட்டேன்." வடிவு இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இசக்கி வெகுநாளாகப் பார்க்காத ஒன்று இருந்தது, வெட்கம் போல, பெருமை போல. "ஞாயித்துக்கெழம அவியட்ட சொன்னேம்லா, குடுப்பேன்னு. அன்னையிலேருந்து என்னையப் பாத்துதான் பேசுதாவ, தெரியுமா? நேத்து ஏட்டின்னு கூப்பிடாம வடிவுன்னு கூப்பிட்டாவ."

அறுபத்தெட்டு. பை, நீலப் பை, வார் அறுந்து ஊக்கு குத்திய பை, அதைத் தட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடும்போது முதுகு எப்படிக் கூசும், திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் கேட்டதாக ஆகிவிடும், சாயங்காலம் வந்து பையைத் தூக்கினால் அடியில் சில்லறை கனக்கும், அதில் புகையிலை வாசம் அடிக்கும், மறந்துபோயிருந்தாள், ஒருத்தி மறக்காமல் வைத்திருந்திருக்கிறாள். இப்போது சொல். உனக்குத்தான் உண்மை பெரிதாயிற்றே, சொல். அக்கா, நான் பை வைக்கவில்லை, அது என் பை இல்லை, எவனோ வைத்த பைக்குள் நீ பதினோரு மாதம் போட்டிருக்கிறாய், உன் ரெண்டு கட்டும் எனக்கு வரவில்லை, ஒரு பேனா முனையாகக்கூட வரவில்லை, எங்கேயோ ஒரு ஏசி அறைக்குப் போய்விட்டது. சொன்னால் நான் சுத்தம். நான் எடுக்கவில்லை என்று தீர்ப்பாகிவிடும். அவள்? பந்தியில் எல்லார் முன்னாலும் எங்கையால சுத்துன பீடி என்று சொன்னாளே, அந்த வாய் அதற்கப்புறம் எங்கே வைத்துக்கொள்ளும் தன்னை? ஏமாந்துட்டு வந்து வீறாப்பா பேசுனியாட்டி என்று சாம்பார் வாளி கேட்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டது ஒரு நாளோடு முடிந்துபோகும். ஆனால் சொல்லாமல் விட்டால் அந்தப் பயலுக்கு லாபம் அல்லவா, அவன் இதை நம்பித்தானே கடை விரித்திருக்கிறான், மறப்பவர்களை நம்பி, பார்க்காதவர்களை நம்பி, கேட்கக் கூச்சப்படும் வீடுகளை நம்பி. நாளைக்கு எடுப்போம் என்று ஒருநாள் முந்திச் சொல்வதுகூட ஏமாறாமல் இருக்கத்தானாம், அதைப் படித்துவிட்டு ஒருத்தி கூடுதலாகச் சுற்ற உட்காருவாள் என்று சட்டம் எழுதியவனுக்கு எப்படித் தெரியும். பைக்குள்ளிருந்த மூன்று பக்கமும் மடியில் சுட்டது. அவள் கோபத்துக்கு இருந்த ஒரே இடம் அந்தக் கடிதம்தான். அதைக் கொடுத்தால் அக்கா படித்துவிடுவாள். எட்டாம் வகுப்பு, ஆனால் எழுத்துக்கூட்டி எல்லாவற்றையும் படித்துவிடுவாள், அதுதானே வினை.

எழுபத்து மூன்று என்று பலகை சொன்னதும் இருவரும் எழுந்து போனார்கள். மாதாமாதம் போகும் அந்த முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதைப் பற்றி இசக்கி கேட்டதும் கவுண்டரில் இருந்த அம்மாள் கணக்கைத் திறந்து, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இது உங்க சம்மதத்தோடதாம்மா போகுது. நிறுத்தணும்னா நிறுத்திரலாம், இதுல காரணம் டிக் பண்ணிக் கையெழுத்துப் போடுங்க. தெரியாம எடுத்துட்டாங்கன்னா அதுல போடுங்க, விசாரிச்சு திருப்பிக் கிடைக்குதான்னு பாக்கலாம்" என்றாள். படிவத்தில் இரண்டு கட்டம். வாடிக்கையாளர் அறியாமல் எடுக்கப்பட்டது. இனித் தேவையில்லை. இரண்டும் காலியாக இருந்தன, யாரும் முன்கூட்டி எதுவும் போட்டு வைக்கவில்லை. இசக்கி இரண்டையும் படித்தாள், கீழே பொடி எழுத்தில் இருந்ததையும் ஒன்றுவிடாமல் படித்தாள், பின்னால் நின்றவர் உச்சுக்கொட்டுகிற வரைக்கும். வடிவு அவள் தோளுக்கு மேலாக எட்டி, எதுக்குட்டி நிறுத்த, என்று கேட்டாள். பேனா முதல் கட்டத்தின்மேல் ஒரு புள்ளி வைத்தது. பிறகு கீழே இறங்கி, இரண்டாவதில் டிக் போட்டது. "உதவித்தொகை வருதுக்கா, இந்த மாசத்துலேருந்து. நீ போடுறதவிடக் கூடவே வரும்." "நெசமாவா?" "நெசம்." "எப்ப சொல்லணும்னு இருந்த?" என்று வடிவு அவள் முதுகில் ஒன்று வைத்தாள், சந்தோஷமான அடிதான், ஆனால் கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கியபோது வடிவு அவசரப்படவில்லை, ஒவ்வொரு எழுத்தாக, வ, டி, வு, என்று நிறுத்தி நிறுத்திப் போட்டாள். போட்ட நானூறு அப்படியே கிடக்கட்டும், நீயே வச்சிக்கக்கா, என்றாள் இசக்கி. பாப்போம், என்றாள் வடிவு.

வெளியே வெயிலில் கண் கூசியது. வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு வாதத்தில் தான் வேண்டுமென்றே தோற்றிருக்கிறோம் என்று இசக்கிக்குத் தோன்றியது, அப்படித் தோன்றியதில் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது, உடனே அதன்மேல் அருவருப்பு வந்தது, தோற்றது அவளா? நாலாயிரத்துச் சொச்சம் போனது போனதுதான், யாரும் யாரையும் எதுவும் கேட்கப்போவதில்லை. டவுன் பஸ் நிற்கும் வேப்பமரத்தடி வரைக்கும் இருவரும் நடந்தார்கள். இலைக்கட்டுப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு வடிவு கேட்டாள்: "அப்ப இனி ஏழாந்தேதி மெசேஜ் வராதா?"

"வராதுக்கா. நான் போன் பண்ணுதேன்."

"போன்னா ஸ்பீக்கர்ல போடணும்லா." பையை மரத்தடியில் இறக்கிவைத்துவிட்டு வடிவே தொடர்ந்தாள். "இதுன்னா ஒருத்தருக்கும் கேக்காம வரும்."

பஸ் திருப்பத்தில் தெரிந்தது. வடிவு போனை எடுத்து, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, பதினோரு மெசேஜையும் கட்டைவிரலால் மேலிருந்து கீழே ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். வெயிலில் திரை சரியாகத் தெரிந்திருக்காது.

"அதையெல்லாம் அழிச்சிரவாக்கா?" என்று இசக்கி கையை நீட்டினாள்.

வடிவு போனை முந்தானைக்குள் வைத்து முடிந்தாள். "கெடக்கட்டும்ட்டி" என்றாள். "எடத்தயா அடைக்கு?"